பதினோராவது வரி காலியாக இருப்பது குறித்து

சாரி-கெச்சூ கிராமம்,
அக்டோபர் கடைசி வாரம், புதன்கிழமை.

பிஷ்கெக் நகரில் சமூகப் பணியாளர் பதிவுக் குழுவின் பதிவாளராக வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய சத்தார் மகன் அகில்பெக் அவர்களுக்கு, நாரின் மலைப்பக்கத்திலிருந்து மம்பெத் மகள் ஜூராகான், வயது ஐம்பத்தாறு, இன்னும் பதிவு பெறாத சமூகப் பணியாளர், சலாம் சொல்லி எழுதும் விளக்கக் கடிதம்.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமா? ஆடு, மாடு, குதிரை எல்லாம் நலமா? தங்கள் அலுவலகம் ஆறாவது மாடியில் இருப்பதாகக் கடிதத்தாளின் தலையில் அச்சிட்டிருக்கிறது. ஆறாவது மாடிக்கு ஆடு ஏறாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மந்தையை விசாரிக்காமல் விஷயத்துக்கு வந்தால், இவளுக்கு என்ன கோபமோ என்று எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். எனக்குக் கோபம் இல்லை. தங்கள் கடிதத்தைப் படித்த அன்று கொஞ்சம் இருந்தது, ரொட்டிக்கு மாவு பிசைந்ததில் அது கையோடு போய்விட்டது. நாங்கள் இங்கே நலம். என் குதிரை கஷ்காவுக்கு இடது பின்னங்காலில் லாடம் தளர்ந்திருக்கிறது, மற்றபடி அவனும் நலம்.

தங்கள் கடிதத்தில் என்மேல் மூன்று குறை சொல்லியிருந்தீர்கள். விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் பகுதியில், 'பணியாளர் கவனித்துக்கொள்ளும் நபர்களில் அவருக்கு உறவினர் உண்டா' என்ற கேள்விக்கு நாற்பத்தொரு தாள் இணைத்தது ஏன், அவ்வளவும் எழுதிவிட்டுப் பதினோராவது வரியை மட்டும் காலியாக விட்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பதினான்காம் விதிப்படி யார் வீட்டிலும் உணவோ பரிசோ வாங்கக்கூடாது என்றிருக்க, நான் வீடு வீடாகச் சாப்பிட்டதோடு, சோதனைக்கு வந்த அதிகாரியையும் சாப்பிட வைத்தேன் என்று சொல்லியிருந்தீர்கள். போதாக்குறைக்கு, எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் போனேன் என்ற பதிவேடே என்னிடம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பதினைந்து நாளில் விளக்கம் தரத் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி என்பது கடைசி வரி. விண்ணப்பத்தை நிறுத்தியதும் அல்லாமல் விளக்கமும் கேட்டால் நான் என்ன சொல்வது? குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். என் கஷ்கா அப்படியெல்லாம் செய்ததில்லை என்பதை அவன் சார்பில் இங்கே பதிவு செய்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக நான் இந்த ஊரின் மேல்பக்கத்துப் பதினொரு வீடுகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் போய்வருகிறேன். மருந்து கொண்டுபோவேன், விறகு எத்தனை நாளுக்கு வரும் என்று பார்ப்பேன், நகம் வெட்டிவிடுவேன், மாமியார் மருமகள் சண்டையில் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். இத்தனை வருடத்தில் 'நீ சமூகப் பணியாளர்தானா?' என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இந்த வருடம் சட்டம் வந்தது. பதிவு இல்லாமல் இனி யாரும் இந்த வேலைக்கு ஒரு வாசல்படியும் மிதிக்கக்கூடாது என்றார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. கண்டவனும் நோயாளி வீட்டுக்குள் நுழைந்து என்னென்னவோ செய்துவிட்டுப் போன கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். சட்டம் நல்லது, படிவம்தான் நீளம்.

எனக்குப் பதிவு கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஐந்து ஆடு இருக்கிறது, தூங்க இடம் இருக்கிறது. கவலை எஷிமைப் பற்றித்தான். பதினோராவது வீடு அவருடையது, கணவாய்க்கு ஒரு கூப்பிடு தூரம் கீழே, அதற்குமேல் கழுகுதான் குடியிருக்கிறது. இருபத்தாறு வயதில் தலாஸ் பக்கத்திலிருந்து இங்கே வானிலை நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர். நிலையத்தை மூடிக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், இவரை ஏற்ற மறந்துவிட்டார்கள். கருவி இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று தினமும் ஜன்னலில் உட்கார்ந்து, வானத்தைப் பத்துப் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு மேகம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். நாலு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சில் மூன்று வார்த்தைதான் மிஞ்சியது: ஆமா, இல்ல, மேகம். இப்போது மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. பதிவு பெற்ற பணியாளர் இல்லாத மேல்வீடுகளில் தனியாக இருக்கும் நோயாளிகளைக் கணவாய் மூடுமுன், அதாவது நவம்பர் பதினைந்துக்குள், சமவெளியில் உள்ள இல்லத்துக்கு இறக்கிவிட வேண்டுமாம். அந்த இல்லத்தை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான இடம், சூப்பும் நன்றாக இருந்தது. ஆனால் அவருக்கு ஒதுக்கிய கட்டிலின் ஜன்னலுக்கு நேரே கொதிகலன் அறையின் சுவர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், இவர் வளையில் வானமே இருக்கிறது. அங்கே போனால் சுவரில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதுவார்? மூன்று வார்த்தைதான் என்றாலும் ஒவ்வொன்றையும் முப்பது விதமாகச் சொல்வார், அது என்னைத் தவிர யாருக்கும் புரியாது. நான் போகாவிட்டால் அந்த மனிதர் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டார். இதை நெஞ்சில் கைவைத்து எழுதுகிறேன்.

இனி நாற்பத்தொரு தாளுக்கு வருகிறேன். உறவா என்று கேட்டீர்கள். எங்களில் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயரைச் சொல்லத் தெரியாதவனை அனாதை என்பார்கள். உறவு என்றால் ஏழு தலைமுறை. என் பிறந்த வீட்டுப் பக்கம் ஏழு, புகுந்த வீட்டுப் பக்கம் ஏழு. முதல் பத்து வீட்டுக்கும் இப்படி எழுதத் தொடங்கினேன், ஒன்பது நாள் ஆயிற்று. விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. பிஷ்கெக்குக்குப் போகிற தாளில் பேர் வருகிறது என்றதும் ஊரே என் வாசலில் வந்து நின்றது. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மருமகள் ஷரிபா வந்தாள்.

"என்னடி ஜூராகான், ஊர்ல இருக்கற நாய்க்குட்டி வரைக்கும் எழுதிட்டியாமே, நான் மட்டும் இல்லையாமே?"

"அக்கா, நான் போற பதினொரு வீட்டு ஆளுங்களைப் பத்தித்தான் கேட்டிருக்காங்க. நோயாளிங்க, முடியாதவங்க. உங்களுக்கு என்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"அப்போ நான் படுத்தாத்தான் உனக்கு உறவா? சரி, உன் கல்யாணத்துல மூணு நாள் அண்டா கழுவுனவ யாருன்னும் எழுது. எழுதிட்டு அவ உறவில்லன்னு கையெழுத்துப் போடு, பாக்கறேன்."

எழுதினேன். முப்பத்தெட்டாம் தாள், ஷரிபா, அண்டா உட்பட. ஐந்தாவது வீட்டு அசனும் உசேனும் இன்னும் பெரிய தொல்லை. இரட்டைப் பிள்ளைகள், கால் மணி நேரம் அசன் மூத்தவர். ஆறு வருடத்துக்கு முன் அடுப்புக் குழாய் யார் பக்கம் புகைவிடுகிறது என்று சண்டை வந்து, வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிப் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள். அசன் எனக்குச் சித்தப்பா முறை. உசேனும் அதே முறைதானே என்று ஒரே வரியில் எழுதப் போனேன். "அவன் எனக்கு ஒண்ணும் இல்ல, தனித் தாள் போடு" என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். ஒரே ஏழு தகப்பன்மாரை இரண்டு தாளில் இரண்டு தடவை எழுதினேன். தாங்கள் 'திரும்ப வருகிறது' என்று சிவப்பு மையில் வட்டம் போட்டது அதைத்தான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே ஒரு நீண்ட மேடு. அங்கே கஷ்கா மெல்ல நடப்பான், நான் அவன் முதுகிலேயே தூங்கிவிடுவேன். பணி நேரத்தில் தூங்குவது எந்த விதிக்கு விரோதம் என்று தேடிப்பார்த்தேன், காணவில்லை, விட்டுப்போயிருந்தால் சேர்த்துக்கொள்ளவும். அந்தத் தூக்கத்தில் என் வீட்டுக்காரர் தோலோன் வருவார். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. லகானைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பார். பேச மாட்டார், உயிரோடு இருந்தபோதும் அதிகம் பேசியவர் இல்லை. புல் மட்டும் அவர் கால் படுகிற இடத்தில் அசையாமல் இருக்கும். படிவம் வந்த மாதத்தில் ஒரே ஒரு நாள் பேசினார்.

"ஒன்பதாம் பகுதியில என்னையும் போட்டியா?"

"நீங்க போய்ச் சேந்துட்டீங்க. உங்களுக்கு வரி இல்ல."

"போனா என்ன? உறவுதானே."

சொல்லும்போதே முகம் வாடிவிட்டது. நான்காவது வீட்டு வாசலில் கண் விழித்ததும் முதல் வேலையாக அவரைச் சேர்த்தேன். இருபத்தாறாம் தாள், மேலிருந்து மூன்றாவது வரி. இறந்தவரை எழுதியது பிழை என்றால் அடித்துவிடலாம். ஆனால் அதை அவரிடம் தாங்களேதான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது.

இப்போது ரொட்டி விஷயம். சோதனை அதிகாரி தமீரா அவர்கள் செப்டம்பர் கடைசிச் செவ்வாயன்று வந்தார். கோடையில் சேற்று வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோய்விட்டதால் கார் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. அவரைக் கஷ்காமேல் ஏற்றி, நான் பக்கத்தில் நடந்தேன். நல்ல பெண்மணி, நாற்பது வயதிருக்கும், நகரத்துச் செருப்பு, கையில் விதிப்புத்தகம். கஷ்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதினொரு வாசலிலும் தானே நிற்பான். அந்த வீட்டு ஆள் வந்து கழுத்தைத் தொட வேண்டும், வர முடியாதவர் உள்ளேயிருந்து குரல் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் நகர்வான். என் வேலையைப் பதிவு செய்து வைத்திருப்பவன் உண்மையில் அவன்தான், ஆனால் அவனுக்குக் கையெழுத்துப் போட வராது.

முதல் வீடு பாத்மாவுடையது. முட்டி இரண்டும் தேய்ந்து, நடக்க இயலாதவர் என்று சான்றிதழ் வைத்திருப்பவள். வாசலில் உட்கார்ந்தபடியே சாப்பாட்டு விரிப்பைத் திறந்து ரொட்டியை நீட்டினாள்.

"வேண்டாம்மா, நன்றி. விதிப்படி நாங்க எதுவும் சாப்பிடக்கூடாது," என்றார் தமீரா.

"உன்னை யாரு சாப்பிடச் சொன்னா? வாய் வை, போதும். வாசலுக்கு வந்துட்டு ரொட்டியில வாய் வைக்காமப் போனா என் வீட்டுக்கு என்ன ஆகும்? உன் வழிக்கு என்ன ஆகும்?"

"பதினாலாம் விதிம்மா."

"நான் அறுபத்தொன்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், அப்படி ஒருத்தனும் இங்க வந்ததில்ல."

தமீரா குதிரையைத் தட்டினார். கஷ்கா என் முகத்தைப் பார்த்தான், பாத்மாவைப் பார்த்தான், மனசில்லாமல் நடந்தான். நூறு அடி போயிருப்போம். பின்னால் டொக் டொக் என்று சத்தம். திரும்பினால் பாத்மா, இரண்டு கைத்தடியோடு, ரொட்டியை மார்பில் கட்டிக்கொண்டு வருகிறாள். வெறும் வாயோடு போகிற விருந்தாளியை அப்படியே விட்டால் அந்த வருடம் வீட்டில் பால் திரியும் என்பது எங்கள் நம்பிக்கை. (நடக்க இயலாதவள் நடந்ததை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தமீராவைக் கேட்டுக்கொண்டேன். தாங்களும் இந்த அடைப்புக்குறியைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டாவது வீட்டிலும் அதே கதை, மூன்றாவதிலும் அதே கதை. படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் வீட்டிலிருந்து மருமகள்கள் ரொட்டி எடுத்துவந்தார்கள். அசன் ஒன்று, உசேன் ஒன்று, ஒருவர் பாதையின் இந்த ஓரம், மற்றவர் அந்த ஓரம். ஏழாவது வீட்டைத் தாண்டும்போது தமீராவுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் பார்த்தபடியே விதிப்புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

எட்டாவது வீட்டுக்குமேல் மேகம் இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான், மேலே இருக்க வேண்டியது அலுத்துப்போய்க் கீழே வந்து நம்மோடு நடக்கும். குதிரையின் காது எனக்குத் தெரியவில்லை. தமீராவின் செருப்பு மட்டும் தனியாக மிதந்துகொண்டு போனது. பின்னால் யாரும் தெரியவில்லை, கைத்தடிச் சத்தமும் புது ரொட்டியின் வாசனையும் மட்டும் கூட வந்தன. வெள்ளைக்குள் நடந்துகொண்டே, இதுவும் அந்த மேட்டுத் தூக்கம்தானோ, தோலோன் இங்கேதான் எங்கேயோ நடக்கிறாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்தில் இரண்டு குரல்கள் கேட்டன.

"யாரு அது, கால மிதிக்கறது?"

"நான்தான்."

"நான்தான்னா? பேரில்லையா?"

"உன் அண்ணன்டா, மடையா. இந்தப் பக்கம் பள்ளம், என் கையைப் பிடி."

ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் நடந்தது. மேகம் விலகியபோதும் உசேன் கையை விடவில்லை, விட்டால் பள்ளத்தில் விழுந்துவிடுவேன் என்றார். அந்த இடத்தில் பள்ளமே கிடையாது. தங்கள் படிவத்தில் 'இந்த ஆண்டின் முக்கிய சாதனை' என்று ஒரு கட்டம் இருந்தது, அப்போது காலியாக விட்டிருந்தேன். இதை அங்கே எழுதிக்கொள்ளவும். சாதனை தமீராவுடையதா, மேகத்தினுடையதா என்பதைக் குழு தீர்மானிக்கட்டும்.

எஷிம் வீட்டு வாசலில் கஷ்கா நின்றான். எஷிம் இடது கையால் ஜன்னலை மூன்று தட்டுத் தட்டினார், அதுதான் அவர் குரல். எல்லோரும் உள்ளே நுழைந்தோம். அந்த அறையில் அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை. ஈரக் கம்பளி வாசனையும் மூச்சும் நிறைந்து ஜன்னல் கண்ணாடி மங்கிவிட்டது. எஷிம் தமீராவைப் பார்த்தார், விரிப்பைத் திறந்தார், இடது கையால் ரொட்டியைப் பிய்க்க முடியாமல் முழு ரொட்டியையும் தூக்கி நீட்டினார். தமீரா விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

"ஆமா," என்றார் எஷிம்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாத்மா சிரித்தாள், இரட்டையர் சிரித்தார்கள், ஏன் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். எஷிம் சிரித்து நாலு வருடத்தில் நான் பார்த்ததில்லை. அப்புறம் தமீரா மற்ற பதினொரு ரொட்டியிலும் வரிசையாக வாய் வைத்தார். அதற்குமேல் அவரைக் குதிரையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. சட்டப்படி எனக்கு ஒரு சந்தேகம். எஷிம் வீட்டு ரொட்டியை ஒவ்வொரு தடவையும் நான்தான் சுட்டுக் கொண்டுபோகிறேன். போனதும் அவர் அதையே எனக்கு நீட்டி, வாய் வைக்கும்வரை விடமாட்டார். என் ரொட்டியை எனக்கே தந்தால் அது பரிசாகுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அங்கே உப்பிட்டவள் நான்தான், அதுவும் கம்மியாக.

பதினோராவது வரி ஏன் காலி என்று கேட்டீர்கள். எஷிம் தலாஸ்காரர். அவருடைய ஏழு தகப்பன்மாரும் எங்கள் ஏழு தகப்பன்மாரும் எங்கேயும் சந்திக்கவில்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். 'உறவு: இல்லை' என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை போகவில்லை. வாரம் இரண்டு நாள் நகம் வெட்டிவிடுகிற மனிதரைப் போய் இல்லை என்று எப்படி எழுதுவது? 'உண்டு' என்றால் பொய். அதனால் விட்டுவிட்டேன். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இனிமேல் எழுதப்போவதை முதலிலேயே எழுதியிருக்கலாம். உறவைச் சொல்லிக் காரியம் சாதிக்கிறாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதால் விளக்கம் முடியும்வரை காத்திருந்தேன். அன்று ரொட்டி உள்ளே போனதும் தமீராவுக்கு நாக்கு இளகிவிட்டது. "எங்க பதிவாளர் குடும்பமும் இந்த மலைப்பக்கம்தான். தாத்தா பேரு ஜோல்சூ, குதிரைக்கு லாடம் அடிப்பாராம், சொல்லிட்டே இருப்பார்," என்றார். எனக்குத் தேநீர் புரையேறியது. லாடக்கார ஜோல்சூவின் தகப்பன் பைஸாக். என் தாத்தாவின் தகப்பனும் பைஸாக். உன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், தம்பி. ஏழுவரைக்கும் போக வேண்டியதே இல்லை, மூன்றிலேயே வந்து நிற்கிறாய். உன் அப்பா சத்தார் கைக்குழந்தையாக இருந்தபோது என் அப்பாதான் குதிரையில் முன்னால் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டியிருக்கிறார். அந்த ஆற்றில்தான் இப்போது பாலம் இல்லை. ஆகவே இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். உன் பெயரை நாற்பத்திரண்டாம் தாளாக இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் விதிப்படி, உறவினர் விண்ணப்பத்தை நீ முடிவு செய்யக்கூடாது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. ஆனால் நவம்பர் பதினைந்துக்குள் கொடுத்துவிடு. இன்னொன்று, மூத்தவளுக்கு எழுதும்போது 'தவறினால்' என்ற வார்த்தையைப் போடாதே. உன் தாத்தா லாடம் அடிக்கும்போது குதிரையிடம்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

பதிவேடு பாக்கி. என்னிடம் இல்லைதான், எனக்குத் தேதி நினைவிருக்காது, வானம்தான் நினைவிருக்கும். ஆனால் எஷிமின் மேக நோட்டில் நான் போன ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் இருக்கிறது. பக்கவாதம் வந்தபிறகு இடது கையால் எழுதுகிறார், எழுத்தெல்லாம் விழுந்து எழுந்ததுபோல் இருக்கும், நான் கூர்ந்து படித்ததில்லை. பக்கம் பக்கமாக மேகமும் காற்றும், நடுநடுவே என் பெயர் கண்ணில் பட்டிருக்கிறது, சாட்சிக்கு அது போதும். நேற்று அந்த நோட்டைக் கேட்டேன். "இல்ல, இல்ல, இல்ல," என்றார். உனக்கு இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பெயர் வரும் இடங்களில் கோடு போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். நாலு வருடமாக நான் ஒரு மனிதரை விடாமல் கவனித்துக்கொண்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உன் அடுப்பில் புகை அறாமல் இருக்கட்டும். உன் வழி வெண்மையாக இருக்கட்டும். உன் பிள்ளைகள் ஏழு பெயரையும் தடுக்காமல் சொல்லட்டும். தமீராவுக்கு என் அன்பு, அவர் வயிறு சரியாயிற்றா என்று பாத்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மம்பெத் மகள் ஜூராகான்.

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை சாயங்காலம்): நோட்டை இணைத்திருப்பதாக மேலே எழுதினேன். இணைக்கவில்லை. கோடு போடுவதற்காக முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். சில வரிகளை மட்டும் உனக்கு எடுத்து எழுதுகிறேன்.

"செவ்வாய். மேகம் பத்தில் எட்டு. மேற்குக் காற்று. ஜூராகான் வந்தாள். தோலோன் போய் நாற்பது நாள். எனக்கு ரொட்டி சுடுகிறாள், தனக்குச் சுடுவதில்லை. அவள் வாய் வைக்கும்வரை நான் விடவில்லை."

"வெள்ளி. மேகம் இல்லை. நகம் வெட்டும்போது அழுதாள். சீக்கிரம் முடியாமலிருக்க விரலை மெதுவாகக் கொடுத்தேன்."

"செவ்வாய். மேகம் பத்தில் ஐந்து. மேகத்தைக் காட்டி மேகம் என்றேன். தேநீர் கேட்கிறேன் என்று நினைத்தாள். இருக்கட்டும், போட்டால் அவளும் குடிப்பாள்."

"செவ்வாய். மேகம் தரையில். குதிரைமேல் வேறு பெண், பின்னால் ஊர். ஜூராகான் சிரித்தாள். நாலு வருடத்தில் முதல் தடவை."

கடைசியாக, நான் நோட்டைக் கேட்பதற்கு முந்தின நாள் எழுதியது: "திங்கள். மேகம் பத்தில் ஏழு. என்னைக் கீழே இறக்கிவிடுவார்களாம். போகலாம், அங்கேயும் எங்கேயாவது ஒரு துண்டு வானம் இருக்கும். ஆனால் இவள் செவ்வாய்க்கிழமை எங்கே போவாள்?"

ஆகையால், தம்பி, மேலே எழுதியதையெல்லாம் தலைகீழாகப் படித்துக்கொள். அவர் மூன்று வார்த்தையில் ஒன்றுகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை. நாலு வருடமாக இந்த ஊரில் பதிவு இல்லாமல் சமூகப் பணி செய்தவர் எஷிம்தான், தேதியோடு, பதிவேட்டோடு, ஒரு நாளும் தவறாமல். மூன்றாம் விதிப்படி இது குற்றம், ஊழியராகப் புகார் செய்ய வேண்டியது என் கடமை, செய்துவிட்டேன். அவர் பெயருக்கு ஒரு வெற்றுப் படிவம் அனுப்பு, கணவாய் மூடுமுன் வந்து சேரட்டும். ஒன்பதாம் பகுதியில் அவருக்கு ஒரு வரி போதும், ஒரே ஒரு ஆளைத்தான் கவனித்துக்கொள்கிறார். என்ன உறவு என்று எழுதுவீர்கள் என்று இன்று போனபோது அவரையே கேட்டேன். என்னைப் பார்த்தார். "மேகம்," என்றார். இந்தத் தடவை நான் தேநீர் போட எழுந்து போகவில்லை.

வெள்ளி. மேகம் பத்தில் இரண்டு. காற்று இல்லை. இன்று இரண்டு ரொட்டி சுட்டேன்.